வலியிடையே வளர்ந்த கணிதம்

நம் நாடு உலகுக்கு அளித்த கணித மேதைகளுள் தலைசிறந்தவர் சீனிவாச இராமானுஜன். அவருடைய கணிதத் திறமையை அனைவரும் அறிவோம். இறுதி நாள்களில் உடல் வேதனையோடு அவர் போராடிய விதத்தை அறிந்தவர் சிலரே. அதுவும் நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

இளமை

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையில் கணக்கர். கணிதத்திலேயே மூழ்கியிருந்த இராமானுஜன், கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறவில்லை. தாள் வாங்கப் பணமில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழிப்பார்; முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். 1909 இல் ஜானகி அம்மாளை மணந்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

கடல் கடந்த புகழ்

1913 இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. 1914 இல் இங்கிலாந்து சென்றார். கடுங்குளிரும் போர்க்காலமும் மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடும் அவரை வாட்டின. 1917 இல் நோயுற்றார். மருத்துவமனைகளில் இருந்தபோதே, 1918 இல் இராயல் சங்க உறுப்பினர் என்னும் பெருமை அவரைத் தேடி வந்தது. 1919 இல் மெலிந்த உடலோடு தாயகம் திரும்பினார்.

இறுதி ஓராண்டு

காய்ச்சலும் வயிற்று வலியும் அவரை விடவில்லை. ஜானகி அம்மாள் வெந்நீர் காய்ச்சி, துணியை நனைத்து ஒத்தடம் கொடுப்பார். அந்நிலையிலும் அவர் படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். 1920 ஜனவரியில் தம் புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26 அன்று, 32 ஆம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். மறைவதற்குச் சில நாள்கள் முன்புவரை அவர் கை எழுதிக்கொண்டே இருந்தது. அத்தாள்கள் 1976 இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு உலகை வியக்க வைத்தன.

கவனமும் வலியும்

கத்தோலிக்க அறிஞர் பாஸ்கலும் 1658 இல், பல்வலியால் உறங்க முடியாத இரவில், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றிச் சிந்தித்தார். வலி அகன்றதாக அவர் குடும்பத்தார் எழுதி வைத்துள்ளனர்.

இதன் காரணத்தை அறிவியல் விளக்குகிறது. காயத்திலிருந்து நரம்பு வழியே செல்லும் செய்தியை மூளையே வலியாக உணர்கிறது. செல்லும் வழியில், முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்று மெல்சாக், வால் என்னும் இருவர் 1965 இல் கூறினர். மனம் வேறொன்றில் ஊன்றும்போது மூளை அனுப்பும் கட்டளை அக்கதவை ஓரளவு மூடுகிறது. வலியையே நினைத்து அஞ்சினால் கதவு அகலத் திறக்கிறது.

சுண்ணாம்புக்குளத்தாருக்கு இது புதிதன்று. ஏரியில் வலை இழுக்கும்போது காலில் கிளிஞ்சல் கிழித்தது பலருக்குத் தெரிவதில்லை. கரையேறி இரத்தத்தைப் பார்த்த பிறகே வலி தொடங்குகிறது.

முடிவுரை

கவனம் வலியைக் குறைக்கும்; நோயைக் குணமாக்காது. கணிதம் இராமானுஜனின் உயிரைக் காக்கவில்லை. ஆகவே வலி வந்தால் மருத்துவரை நாடத் தயங்கக் கூடாது. வலி மறந்துபோனால் அது பொய் வலி என்று யாரையும் ஏளனம் செய்தலும் தவறு. அது உண்மை வலியே. நோயுற்றோரைப் பார்க்கச் செல்லும்போது வலியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேளாமல், அவர்கள் மனம் விரும்பும் ஒன்றைப் பேசுவோம். ஜானகி அம்மாளின் ஒத்தடமும் இராமானுஜனின் கணக்கும் போல, அன்பும் ஆர்வமும் சேர்ந்தால் எத்துன்பத்தையும் தாங்கும் வலிமை பிறக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி