மலாக்கா கண்ட அண்ணகர் தளபதி செங் ஹோ

சீனாவின் யுன்னானில் 1371-இல் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் செங் ஹோ. இயற்பெயர் மா ஹோ. பத்து வயதளவில் மிங் படையினர் சிறைபிடித்து, ஆண்மை நீக்கி, இளவரசர் சூ டியிடம் ஏவலுக்கு விட்டனர்.

இத்தகையோரே அண்ணகர். வாரிசில்லாதவர்களால் அரியணைக்கு ஆபத்தில்லை என அரசர்கள் நம்பினர். 1402-இல் சூ டி போரிட்டு யோங்லே பேரரசரானார். உடன் நின்ற மா ஹோவுக்குச் 'செங்' என்ற பெயரும் பெரும் கப்பற்படையும் கிடைத்தன.

1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். முதல் பயணத்தில் மட்டும் சுமார் 27,000 பேர்! மலாக்காவில் சரக்குக் கிடங்கு அமைத்தார்கள். காற்று திரும்பும்வரை அங்கேதான் காத்திருப்பு.

தமிழர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இலங்கையின் காலியில் கிடைத்த அவருடைய 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் உள்ளது. தெனவரை நாயனார் கோயிலுக்கு அளித்த காணிக்கைகளைத் தமிழ்ப் பகுதி சொல்கிறது. அந்தக் கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.