இரு மொழியும் வேண்டும் என்று நின்ற தலைமையாசிரியர்

1862 பிப்ரவரியில் ஹாங்காங் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது ஃபிரடெரிக் ஸ்டூவர்ட்டுக்கு வயது 25. ஸ்காட்லாந்தின் அபர்டீன் வட்டாரத்தில் 1836-ல் பிறந்து, அங்கேயே பட்டம் பெற்றவர். அரசாங்கம் புதிதாகத் திறந்த ஆண்கள் ஆங்கிலப் பள்ளிக்கு அவரே தலைமையாசிரியர். தீவிலிருந்த மற்ற அரசாங்கப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதும் கண்காணிப்பாளரும் அவரே. இரண்டு ஆள் வேலையை ஒரே இளைஞரின் தலையில் வைத்திருந்தார்கள்.

இந்தப் பள்ளிக்கான யோசனையைச் சொன்னவர் ஜேம்ஸ் லெக். மலேசிய வாசகர்கள் இவரைத் தெரிந்துகொள்வது நல்லது. 1840-ல் மலாக்காவுக்கு வந்து, அங்கிருந்த ஆங்கிலோ-சீனக் கல்லூரியை நடத்தியவர் இவர். 1843-ல் அதை ஹாங்காங்குக்கு மாற்றிக்கொண்டு போனார். சீனத்தின் பழம்பெரும் நூல்களை ஆங்கிலத்தில் தந்து பெயர் பெற்றவரும் இவர்தான். நகரத்தில் ஆங்காங்கே கிடந்த சின்னச் சின்ன அரசாங்கப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஐரோப்பியர் ஒருவரின் பொறுப்பில் ஒரே பெரிய பள்ளியாக்க வேண்டும் என்று 1860-ல் அவர் திட்டம் கொடுத்தார். அதுதான் காஃப் தெருவில் ‘சென்ட்ரல் ஸ்கூல்’ ஆனது. லெக் பாதிரியார்தான். ஆனாலும் அந்தப் பள்ளியில் மத போதனை வேண்டாம் என்பதில் அவரும் ஸ்டூவர்ட்டும் ஒரே கருத்தில் இருந்தார்கள். கடவுள் இல்லாத பள்ளி என்று மற்றப் பாதிரிமார் சிலர் குறைப்பட்டுக்கொண்டதை ஸ்டூவர்ட் பொருட்படுத்தவில்லை.

ஆரம்பத்தில் படித்தவர்கள் சீனப் பையன்கள் மட்டுமே. சில ஆண்டுகள் கழித்துத்தான் மற்ற இனத்தவரும் சேர்க்கப்பட்டார்கள். தொடக்க காலத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இருந்த ஒரே ஐரோப்பியர் ஸ்டூவர்ட். சீன வகுப்புகளைச் சீன வாத்தியார்கள் நடத்தினார்கள்.

ஸ்டூவர்ட்டின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அந்தச் சீன வகுப்புகள்தான். பள்ளி நேரத்தில் பாதி ஆங்கிலத்துக்கு, பாதி சீனத்துக்கு என்று அவர் வைத்திருந்தார். தன் மொழியில் அடித்தளம் இல்லாத பையன் ஆங்கிலத்தைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பிப்பான், ஒரு மொழியிலிருந்து மறு மொழிக்குப் பொருளைக் கொண்டுபோக அவனால் முடியாது என்பது அவருடைய கணிப்பு. ஆங்கிலேய அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கும் ஒருவர், ஆங்கிலப் பள்ளியில் நின்றுகொண்டு, பிள்ளைகளின் தாய்மொழிக்காக வாதாடியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல.

பெற்றோருக்கு வேறு கணக்கு. ஹாங்காங் வியாபார ஊர். கொஞ்சம் ஆங்கிலம் வந்துவிட்டால் கப்பல் கம்பெனியிலோ வெள்ளைக்காரர் வியாபாரக் கடையிலோ எழுத்து வேலை கிடைக்கும். மலாயாவில் கிராணி வேலை என்றார்களே, அதே வேலைதான். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகவும் போகலாம். அதனால் மேல்வகுப்புக்கு வருவதற்குள் பையன்கள் பள்ளியை விட்டு நின்றுவிடுவார்கள். வளர்த்து ஆளாக்கும் நேரத்தில் சம்பளம் வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஸ்டூவர்ட்டுக்கு இது தீராத மனக்குறை. பெற்றோரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வீட்டில் அரிசிப் பானை காத்திருந்தது.

1873-ல் மிஷன் பள்ளிகளுக்கும் அரசாங்க மானியம் தரும் திட்டத்தை ஸ்டூவர்ட் கொண்டுவந்தார். மானியம் வேண்டுமானால் குறிப்பிட்ட மணி நேரம் மதம் கலக்காத பாடம் நடத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். கத்தோலிக்கப் பள்ளிகள் அதை ஏற்காமல் விலகி நின்றன. 1879-ல் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்ட பிறகுதான் உள்ளே வந்தன.

அதற்குள் அவருடைய மொழிக் கொள்கைக்கே ஆபத்து வந்திருந்தது. 1877-ல் ஆளுநராக வந்த ஜான் போப் ஹென்னசி, இத்தனை ஆண்டு பள்ளி நடத்தியும் ஆங்கிலம் பேசுவோர் இவ்வளவு குறைவா என்று கோபப்பட்டார். 1878 பிப்ரவரியில் கல்வி மாநாடு ஒன்று கூட்டப்பட்டு, அரசாங்கப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கே முதலிடம் என்று முடிவானது. சீனத்தின் பங்கு சுருங்கியது. மறு ஆண்டு கண்காணிப்பாளர் பதவியும் பிரிக்கப்பட்டு ஐட்டல் என்பவரிடம் போனது. பதினேழு ஆண்டு கட்டிக்காத்தது கண்முன்னே மாறியபோதும் ஸ்டூவர்ட் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குக் கப்பலேறவில்லை. பள்ளியை விட்டுப் பிறகு மாஜிஸ்திரேட் ஆனார், பதிவுத் துறைத் தலைவர் ஆனார். 1887-ல் ஆளுநருக்கு அடுத்த நிலையிலுள்ள காலனித்துவச் செயலாளர் பதவியே வந்து சேர்ந்தது.

அவருடைய பள்ளியில் படித்தவர்களில் ஹோ காய் ஒருவர். ஸ்டூவர்ட்டின் சொந்த அபர்டீனுக்கே போய் மருத்துவம் படித்துத் திரும்பியவர். பின்னாளில் ஹாங்காங்கின் பழைய விமான நிலையத்துக்கு வந்த காய் டாக் என்ற பெயரில் பாதி இவருடையது. பெரும் பணக்காரரான ராபர்ட் ஹோ துங்கும் அங்கே படித்தவர்தான்.

ஸ்டூவர்ட் போன பிறகு, 1884-ல் அதே பள்ளியில் ஒரு கிராமத்துப் பையன் சேர்ந்தான். அவன்தான் சுன் யாட் சென். 1887-ல் சீனர்களுக்கான மருத்துவக் கல்லூரி ஹாங்காங்கில் தொடங்கியபோது அதன் முதல் ரெக்டர் ஸ்டூவர்ட், முதல் மாணவர்களில் ஒருவர் சுன். அந்த மாணவர்தான் 1910-ல் பினாங்கில் இருந்துகொண்டு சீனப் புரட்சிக்குத் திட்டம் தீட்டினார். ஆர்மேனியன் தெருவில் அவர் நினைவாக இன்றும் ஒரு வீடு இருக்கிறது.

காஃப் தெருக் கட்டடத்தில் இடம் போதாமல் பல ஆண்டுகள் திண்டாடிய பள்ளி, 1889 ஜூலையில் ஹாலிவுட் சாலைப் பக்கம் பெரிய கட்டடத்துக்கு மாறி விக்டோரியா கல்லூரி ஆனது. அடுத்த செப்டம்பர் 29-ல் ஸ்டூவர்ட் ஹாங்காங்கிலேயே காலமானார். 53 வயது நிறையவில்லை. ஹாப்பி வேலி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தி வந்தார். அரசாங்கப் பெண்கள் ஆங்கிலப் பள்ளி திறந்தது 1890-ல், அவர் இறந்த மறு ஆண்டு.

1894-ல் பள்ளியின் பெயர் குயின்ஸ் கல்லூரி என்று மாறியது. ஹாலிவுட் சாலைக் கட்டடம் போரில் அழிந்தது. 1950 முதல் காஸ்வே பே பகுதியில் அந்தப் பள்ளி நடந்து வருகிறது.