ஏடு தேடிய ஐயரவர்கள்

நம் மாணவ நண்பர்களுள் சிலர், வீரர்களின் அற்புதச் செயல்களைக் கூறும் பழைய படக்கதைப் புத்தகங்களைத் தேடித் திரட்டுவதில் பேரார்வம் உடையவர்கள். சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டில் வெளிவந்த 'இரும்புக்கை மாயாவி'யின் முதற் பதிப்பு கிடைத்தால் அவர்களுக்குப் புதையல் கிடைத்தது போலாகும். அமெரிக்காவில் சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய 1938-ஆம் ஆண்டு இதழின் விலை பத்து சென்ட்தான். பலரும் படித்ததும் எறிந்துவிட்டனர். போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டப்பட்டபோது அத்தகைய இதழ்கள் மிகப் பல அழிந்தன. எஞ்சிய சில பிரதிகள் இன்று கோடிக்கணக்கான ரூபாய் பெறுகின்றன. எளிதிற் கிடைக்கும் பொருளை எவரும் போற்றுவதில்லை என்பதே இதன் காரணம்.

நம் பண்டை வீரர்களுக்கும் இக்கதியே நேரவிருந்தது. பாரியையும் அதியமானையும் பாடிய புறநானூறு, கறையானுக்கு இரையாகும் ஏடுகளில் மறைந்து கிடந்தது. அதனை மீட்டு நமக்களித்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார்கள். உத்தமதானபுரம் அவர்களுடைய ஊர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871 முதல் அவர் மறையும் வரையிற் பாடங் கேட்டு, 1880-இல் கும்பகோணம் கலாசாலையில் தமிழாசிரியரானார்கள். அவ்வாண்டிலேயே முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்க நேர்ந்தது. தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் ஐயரவர்கள் அடுக்கிக் கூறியும் முதலியார் மனம் நிறைவுறவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்று ஒப்புக்கொள்ளும்படியாயிற்று. அந்த ஒரு நாணமே அவர்கள் வாழ்நாளின் திசையை மாற்றியது.

அதன்பின் ஊர்தோறும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்று சுவடிகளைத் தேடினார்கள். தாம் சைவ மரபிற் பயின்றவராயினும், சமண நூலாகிய சிந்தாமணியின் பொருளை அறியச் சமணர்களையே அணுகிக் கேட்டார்கள். அந்நூல் 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அச்சேறின.

தேடிய இடமெல்லாம் வெற்றி கிட்டவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டனர் என்று கேட்டு ஐயரவர்கள் உள்ளங் குமுறினார்கள். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கி வரும் பகுதி சிறிது சிதைந்திருந்தது. அதைத் தேடித் தருமபுரம் ஆதீனத்திற்குச் சென்றார்கள். கட்டுக்களை எல்லாம் ஆராய்ந்தும் பயனில்லை. ஆடிப்பதினெட்டன்று காவிரியில் விடுவதற்காக உதிர்ந்த ஏடுகளைத் தனியே கட்டி வைத்திருப்பதாக அப்போது அங்கிருந்தவர் ஒருவர் தெரிவித்தார். அந்த உதிரேடுகளை அவிழ்த்து நோக்க, தேடிய மலர்கள் அவற்றின் இடையே கிடந்தன. சில நாட்கள் தாமதித்திருந்தால் காவிரி அவற்றைக் கொண்டுபோயிருக்கும்.

தில்லையில் பூட்டிய அறைக்குள்ளே தேவார ஏடுகள் கறையானால் மூடப்பட்டுக் கிடந்தன என்று புராணம் கூறும். அந்தச் சிதம்பரத்திலேயே மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக ஐயரவர்கள் 1924 முதல் 1927 வரை அமர்ந்தது பொருத்தமேயாகும். அக்கல்லூரி பின்னர் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் அவர்களுக்கு டாக்டர் பட்டம் அளித்தது. யுத்தகாலத்தில் சென்னையை நீங்கித் திருக்கழுக்குன்றம் சென்றிருந்தபோது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். மறுவருஷம் அவர்கள் பெயரால் ஒரு நூல்நிலையம் நிறுவப்பெற்றது. அவர்கள் அரிதின் திரட்டிய சுவடிகள் அங்கே தங்கின.

ஐயரவர்கள் செல்வத்திற்காகத் தேடியவரல்லர். தேடியதைப் பெட்டியில் பூட்டி வைத்தவருமல்லர். பல பிரதிகளை ஒப்பிட்டு, பிழை நீக்கி, எல்லாரும் படிக்குமாறு வெளியிட்டார்கள். திரட்டுவோர் அனைவரும் கைக்கொள்ளத் தக்க நெறி இதுவே.

நண்பர்களே! ஏடுகளை இன்று நாம் ஆற்றில் விடுவதில்லை. ஆயினும் பழைய காகித வியாபாரியின் தராசு நம் வீட்டு வாயிலுக்கே வருகின்றது. பாட்டனார் வைத்துப்போன கட்டை அதில் ஏற்றுமுன், ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.