மகாகவிக்கு முன்னால் ஒரு சப்-எடிட்டர்: பாரதி செய்தி எழுதக் கற்றுக்கொண்டது எப்படி?

பாரதியார் என்றதும் முண்டாசு, முறுக்கு மீசை, அப்புறம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கேட்ட பாட்டு. நம்மில் பலருக்கு இவ்வளவுதான் சட்டென்று ஞாபகம் வரும். மாதச் சம்பளத்துக்கு நியூஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து, ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிக் கொடுத்த பாரதி அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. ஆனால் அவருக்குப் பிழைப்பு என்று ஒன்று இருந்ததென்றால், அது பெரும்பாலும் பத்திரிகைதான். எழுதப் பழகிய இடமும் அதுதான்.

1904 நவம்பர். பாரதிக்கு 22 வயது முடிய இன்னும் ஒரு மாதம் பாக்கி. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. அதுவும் நிரந்தரம் கிடையாது. விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக மூன்று மாதம் சொச்சம். சம்பளம் 17 ரூபாய் 8 அணா. அது முடிகிற நேரத்தில் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. இன்றைய பாஷையில் சப்-எடிட்டர்.

கையில் இருந்த தகுதி என்ன? எட்டயபுரம் சமஸ்தானத்தில் சின்ன வயதிலேயே வாங்கிய ‘பாரதி’ பட்டம், காசியில் இருந்தபோது கற்ற இந்தியும் சமஸ்கிருதமும், நல்ல ஆங்கிலம். செய்தி எழுதின அனுபவம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

பாஸ் யார்?

ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-இல் நண்பர்களோடு சேர்ந்து, 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்து ‘தி இந்து’வை ஆரம்பித்தாரே, அதே மனுஷன். 1882-இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். 1899-இல் அது நாளிதழ் ஆனது. அரசியல் தெரிய வேண்டுமென்றால் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலைமையை மாற்றுவதுதான் அவர் திட்டம்.

வேலை வாங்குவதில் ஐயர் கெட்டிக்காரர் என்று பாரதியின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தந்திச் செய்திகள், தலைவர்களின் நீளமான ஆங்கிலப் பேச்சுகள் எல்லாம் பாரதி மேஜைக்கு வரும். தலையங்கம் எழுதுகிற சுதந்திரம் கிடையாது. மொழிபெயர்ப்பு, மறுபடியும் மொழிபெயர்ப்பு. கவிஞனுக்கு இது தண்டனை மாதிரி தோன்றலாம். ஆனால் அந்தப் பயிற்சிக்காக பாரதி பின்னாளில் ஐயரை நன்றியோடுதான் நினைத்தார்.

அந்த வேலை ஏன் கஷ்டம்? ஆங்கில வாக்கியம் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, விவரங்களைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டே போகும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். அப்படியே மாற்றினால் வாசகர் பாதி வழியிலேயே மூச்சு முட்டி நிற்பார். அதனால் வாக்கியத்தை உடைத்து, எது முக்கியம் என்று முடிவு பண்ணி, திரும்பக் கட்ட வேண்டும். அதுவும் நாளிதழ் அச்சுக்குப் போவதற்குள். ரஷ்ய - ஜப்பானிய யுத்தம், 1905 வங்கப் பிரிவினை என்று உலகமே கொதித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. இந்த அரசியலைப் பேச உரைநடைத் தமிழில் பல வார்த்தைகள் அப்போது இல்லவே இல்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. அது சில வருஷம் கழித்து நடந்தது. சட்டசபை ‘மெம்பர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பாரதி மண்டையை உடைத்துக்கொண்டார். அங்கத்தான் என்று போட்டுப் பார்த்தார், அவயவி என்று பார்த்தார், உறுப்பாளி என்றும் பார்த்தார். எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. கடைசியில் ‘மெம்பர்’ என்றே எழுதிவிட்டு, நல்ல வார்த்தை கிடைத்தால் இன்னொரு முறை சொல்வதாக வாசகர்களிடம் ஒப்புக்கொண்டார். இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாக உறுப்பினர் என்று டைப் செய்கிறோம். இடுக்கில் மாட்டிக்கொண்டபோது புரியாத ஒரு சொல்லை வாசகர் தலையில் கட்டவில்லை பாருங்கள், அதுதான் டெஸ்க் புத்தி.

1912-இல் ‘பாஞ்சாலி சபதம்’ வந்தபோது, ஒன்றிரண்டு வருஷம் படித்தவருக்கும் விளங்குகிற எளிய நடை வேண்டும் என்று முன்னுரையில் வாதாடினார். அந்தப் பிடிவாதத்தில் பாதியாவது மித்திரன் மேஜையில் வந்ததுதான் என்பது என் கணிப்பு.

‘இந்தியா’: சொந்தக் குரல்

1905-இல் ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்கள் மாத இதழுக்கு ஆசிரியர் ஆனார். 1906 மே மாதம் மண்டயம் குடும்பத்தினர் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் சேர்ந்தார். மித்திரனில் அடக்கி வைத்ததெல்லாம் இங்கே வெடித்தது. சிவப்புத் தாளில் அச்சு. முதல் பக்கத்தில் அரசியல் கார்ட்டூன். தமிழ்ப் பத்திரிகையில் அதுவரை பார்க்காத விஷயம். படிக்கத் தெரியாதவருக்கும் யார் யாரை உதைக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

சந்தா விவரம் இன்னும் சுவாரஸ்யம். சாதாரண வாசகருக்கு வருஷத்துக்கு 3 ரூபாய். ஜமீன்தார், ராஜாக்களுக்கு 30. அரசாங்கத்துக்கு 50! பிரைசிங்கிலேயே தலையங்கம் எழுதிவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கதையில் நெருடுகிற பகுதியும் உண்டு. ‘இந்தியா’வின் ஆசிரியராக அரசாங்கத்திடம் பதிவாகியிருந்த பெயர் பாரதியுடையது அல்ல, எம். சீனிவாசன் என்பவருடையது. 1908-இல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது கைதானது சீனிவாசன். ஐந்து வருஷம் தண்டனை. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். இதழ் தொடர்ந்து வர வேண்டும் என்று நண்பர்கள்தான் போகச் சொன்னார்கள் என்பது ஒரு விளக்கம். இருக்கலாம். ஆனாலும் பாரதியைப் பற்றிப் பேசும்போது சீனிவாசன் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அதே ஆண்டு சுப்பிரமணிய ஐயரையும் அரசு கைது செய்தது.

புதுச்சேரியில் இருந்து ‘இந்தியா’ மறுபடி வந்தது. ‘விஜயா’ என்ற நாளிதழும் வந்தது. எழுத்தை நிறுத்த முடியாத பிரிட்டிஷ் அரசு விநியோகத்தை அடைத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் பத்திரிகை வர முடியாது என்றால் சந்தா எங்கிருந்து வரும்? 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. பிறகு பல வருஷம் கடன், கண்காணிப்பு, பிரிக்கப்பட்ட கடிதங்கள். இடையில் மித்திரனில் திரும்பவும் எழுத இடம் கிடைத்தது. ‘தராசு’ என்ற பகுதியில் கடைத் தராசு ஒன்று வருகிறவர்களின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லும். இன்றைய காலம்னிஸ்டுகள் தேடிப்பிடித்துப் படிக்க வேண்டிய பகுதி அது.

விற்காமல் போன விளம்பரம்

1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூர் அருகே கைது. சில வாரத்தில் விடுதலை. அப்புறம் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம். அங்கிருந்து 1920-இல் அவர் அனுப்பிய சுற்றறிக்கை அசல் விளம்பர காப்பி. தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப் போவதாகச் சொல்லிக் கடன் கேட்டார். வட்டியும் தருவாராம். மண்ணெண்ணெய், தீப்பெட்டியை விட வேகமாகப் புத்தகம் வீடு வீடாகப் போய்ச் சேரும் என்று நம்பினார்.

டார்கெட் ஆடியன்ஸ் சரி, பொருளும் சரி. பணம்தான் வரவில்லை. 40 புத்தகத் திட்டம் அந்தக் காகிதத்தோடு முடிந்தது.

1920 கடைசியில் சென்னைக்கு வந்து, 16 வருஷத்துக்கு முன்னால் வேலை கற்ற அதே மித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது சுப்பிரமணிய ஐயர் உயிரோடு இல்லை. திருவல்லிக்கேணியில் வாடகை வீடு. 1921-இல் பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிவிட்டதும், அதிலிருந்து மீண்டு அவர் அலுவலகம் போனதும் பலருக்குத் தெரிந்த கதை. செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்து படுக்கையில் விழுந்தார்.

செப்டம்பர் 11 இரவு, உடன் இருந்த நண்பர்களிடம் அவர் பேசியது ஆபீஸ் வேலை பற்றி. ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கான் பற்றி ஒரு கட்டுரை எழுதி அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. வயது 38. அந்தக் கட்டுரை மித்திரனுக்குப் போகவே இல்லை.