கவிழும் டிராக்டரைக் கட்டிப்போட்ட ஹாரி ஃபெர்குசன்

உழவனின் பாரத்தைக் குறைக்க வந்த இயந்திரமே அவன் உயிரைக் குடித்த காலம் ஒன்று உண்டு. அந்த ஆபத்துக்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் ஹாரி ஃபெர்குசன்.

அயர்லாந்தின் டுரோமோர் அருகே ஓர் உழவர் குடும்பத்தில் 1884 நவம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். வயல் வேலையில் மனம் ஒட்டாமல், பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணனின் பட்டறையில் தொழில் கற்றார். 1909 டிசம்பர் 31இல் தாமே கட்டிய விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர் என்னும் பெருமை பெற்றார்.

முதல் உலகப் போரின்போது உணவு உற்பத்தியைப் பெருக்க அரசு முனைந்தது. 1917இல் டிராக்டர் உழவைச் சீர்செய்யும் பணி அவரிடம் வந்தது. அக்காலத்தில் கலப்பையை டிராக்டரின் பின்னால் வண்டிபோல் பூட்டி இழுத்தனர். கொழு பாறையில் சிக்கினால் பின்சக்கரங்கள் நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. சக்கரத்தைச் சுழற்ற இயலாத விசை, டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி மல்லாந்து ஓட்டுநர்மேல் விழும். வகுப்பில் நாம் கணக்குப் போடும் திருப்புத்திறன், வயலில் எமனாக வந்தது. ஃபோர்ட்சன் டிராக்டர் இதற்குப் பேர்போனது.

பிறர் வண்டியின் எடையைக் கூட்ட நினைத்தபோது ஃபெர்குசன் இணைப்பை மாற்றினார். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் கலப்பையை டிராக்டரோடு ஒன்றாக்கினார். கலப்பை தடைபட்டால் மேல்தண்டு முன்னோக்கி அழுத்தி, முன்சக்கரங்களை மண்ணில் பதிய வைக்கும். அந்த அழுத்தத்தை உணர்ந்து, நீரியல் அமைப்பு கலப்பையைத் தூக்கும். இதன் அடிப்படைக் காப்புரிமை 1926இல் கிடைத்தது.

1938இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தனர், எழுத்தில் ஏதுமில்லை. பின்னர் ஃபோர்டு நிறுவனம் விலகவே வழக்கு மூண்டது, 1952இல் 92.5 லட்சம் டாலருடன் முடிந்தது. இதற்கிடையே 1946 முதல் கோவென்ட்ரியில் உருவான அவரது டிஇ20 டிராக்டர்கள் 5 லட்சத்தைத் தாண்டின. 1953இல் அவர் நிறுவனம் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. 1960 அக்டோபர் 25இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவுடன் சென்னையில் டாஃபே தோன்றியது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்னே இருக்கும் மூன்று தண்டுகள் அவர் தந்தவை.

எனினும் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிடவில்லை. சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே கட்டி மரக்கட்டையை இழுத்தால் எந்த டிராக்டரும் மல்லாரும். பக்கவாட்டில் கவிழ்வதையும் மூன்று தண்டுகள் தடுக்கா. புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு சக்கரங்களுக்கு வெளியே விழுந்தால் வண்டி உருண்டே தீரும். எங்கள் மஞ்சக்குட்டை போன்ற சேர்வராயன் மலைச் சரிவுகளுக்கு இதுவே பெரிய பாடம். சுவீடன் நாடு 1959இல் புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பழைய டிராக்டர்கள் பலவற்றில் அந்தச் சட்டமும் இல்லை, இடுப்புப் பட்டையும் இல்லை.

ஃபெர்குசன் பாதி வழி நடந்து காட்டினார். மீதி வழியை, அறிவியல் பயிலும் உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் நடக்க வேண்டும் என்பதே என் அவா.