பெயரெழுதிய ஓவியங்கள்

வியன்னா நகரில் 1898ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் பிரீடல் டிக்கர். சிறுவயதிலேயே தாயை இழந்த அவரை, எழுதுபொருள் கடையில் பணிபுரிந்த தந்தை வளர்த்தார். 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கப்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக விளங்கிய யோகன்னஸ் இட்டன், மூச்சுப்பயிற்சியும் உடலசைவும் முடிந்த பின்னரே மாணவர்களை வரையச் செய்வார். இப்பயிற்சி பிரீடலின் வாழ்வில் பின்னாளில் பெரிதும் துணைநின்றது.

வியன்னா திரும்பியதும் கட்டடக் கலைஞர் பிரான்ஸ் சிங்கருடன் இணைந்து பணியாற்றினார். 1930களின் தொடக்கத்தில் அந்நகரின் கோதேஹோஃப் குடியிருப்பில் அமைந்த மாண்டிசோரி மழலையர் பள்ளியை இருவரும் வடிவமைத்தனர். மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கும் அவர் ஓவியம் கற்பித்தார். 1934இல் அரசியல் காரணத்தால் கைதாகி, விடுதலையானபின் பிராக் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1936இல் பாவெல் பிராண்டைஸை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

நாஜிப் படை செக் நாட்டைக் கைப்பற்றியபின், 1942 டிசம்பரில் இருவரும் தெரேசின் என்னும் கோட்டை நகருக்கு அனுப்பப்பட்டனர். ஒருவர் 50 கிலோ சுமை மட்டுமே எடுத்துச் செல்லலாம். குளிருக்கு எதை எடுப்பது என்று பிறர் கலங்கியிருந்த வேளையில், பிரீடல் தாள்களையும் வண்ணங்களையும் அடுக்கினார். பெற்றோரைப் பிரிந்த சிறுவர் சிறுமியர் அங்கு நெரிசலான விடுதிகளில் வாழ்ந்தனர். முறையான கல்வி தடைசெய்யப்பட்டிருந்தது. கொண்டுசென்ற தாள் தீர்ந்தது. அலுவலகப் படிவங்களின் பின்புறமும் பொட்டலத் தாளும் கைகொடுத்தன. இட்டன் கற்பித்த அசைவுப் பயிற்சிகளே பாடத்தின் தொடக்கமாயின. குழந்தையின் கை தன் வழியைத் தானே காணவேண்டும் என்பதும், பெரியோர் தம் வழியை அவசரமாகத் திணித்தலாகாது என்பதும் அவர் கொள்கை. ஆகவே பசியும் அச்சமும் சூழ்ந்த அவ்விடத்தில் மலர்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பிறந்த வீடும் தாளில் தோன்றின. தூக்கடுக்குக் கட்டில்களும் தோன்றின. அவற்றை அவர் விலக்கவில்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். ஆள்களை எண்ணிட்டு அனுப்பிய அந்நகரில், ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் தம் பெயரை எழுதவேண்டும்.

1944 செப்டம்பரில் பாவெல் கிழக்கே அனுப்பப்பட்டார். பிரீடல் அவரைப் பின்தொடரத் தாமே முன்வந்தார். புறப்படுமுன், ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்தார். அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். பாவெல் உயிர் பிழைத்தார். வரைந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் திரும்பவில்லை.

போர் முடிந்தபின் அப்பெட்டிகள் பிராக் நகரைச் சேர்ந்தன. இன்று அப்படங்கள் அந்நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. பென்சிலால் எழுதிய பெயர்கள் பலவற்றை இன்றும் படிக்க முடிகிறது.