மால்கம் லாக்ஹீட்

மால்கம் லாக்ஹீட் (இறப்பு: 1958) தானுந்துகளுக்கான நீரியல் பிரேக்கை உருவாக்கிய அமெரிக்கர் ஆவார். தம்பி அலனுடன் சேர்ந்து வானூர்திகளையும் கட்டியவர். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியிலிருந்து முன்சக்கரத்துக்கு இறங்கும் மெல்லிய பிரேக்குக் குழாய் இவருடைய முறையின் வழிவந்ததே.

வாழ்க்கை

இவருடைய தாயார் புளோரா ஓர் எழுத்தாளர். சகோதரர்கள் இருவரும் சான் பிரான்சிஸ்கோவில் தானுந்து இயந்திரங்களைப் பழுதுபார்த்துத் தொழில் கற்றனர். அவர்கள் கட்டிய கடல் வானூர்தி 1913 சூன் 15 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பறந்தது. 1915ஆம் ஆண்டுப் பொருட்காட்சியில் கட்டணம் பெற்று அதில் பயணிகளை ஏற்றிச் சென்றனர். 1916இல் சாண்டா பார்பராவில் வானூர்தி நிறுவனம் தொடங்கினர். முதல் உலகப்போருக்குப் பின் வானூர்திகளை வாங்குவோர் குறைந்தனர். 1919இல் மால்கம் அதிலிருந்து விலகிப் பிரேக்குத் தொழிலுக்காக டெட்ராய்ட்டுக்குச் சென்றார்.

நீரியல் பிரேக்கு

அக்காலத் தானுந்துகளில் கம்பிகளும் தண்டுகளுமே பிரேக்கை இயக்கின. அவற்றின் இழுவிசை எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகக் கிடைக்காவிடில் வண்டி ஒருபக்கமாக இழுத்துச் சறுக்கும். பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக்கு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாஸ்கல் விதிப்படி அடைபட்ட திரவத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மால்கம் இதைப் பயன்படுத்தி, தண்டுகளுக்குப் பதிலாகத் திரவம் நிரம்பிய குழாய்களை அமைத்து, 1917இல் காப்புரிமை பெற்றார்.

1921இல் டூசன்பர்க் தானுந்தில் நான்கு சக்கரங்களுக்கும் இப்பிரேக்கு பொருத்தப்பட்டது. ஆனால் தொடக்ககால அடைப்புகள் கசிந்தன. கசியும் பிரேக்கு பிரேக்கே இல்லாததற்குச் சமம். கிரைசுலர் நிறுவனப் பொறியாளர்கள் இரப்பர் அடைப்புகளைக் கொண்டு இக்குறையைக் களைந்தனர். அந்நிறுவனம் 1924இல் தன் தானுந்துகளில் இப்பிரேக்கைப் பயன்படுத்தியது. 1932இல் மால்கமின் நிறுவனம் பெண்டிக்சு வசமானது.

குடும்பப் பெயரைப் பலரும் தவறாக ஒலித்ததால், ஒலிப்புக்கேற்ற எழுத்துக்கூட்டலை மால்கம் தம் பிரேக்குக்குச் சூட்டினார். அலன் 1926இல் தொடங்கிய புகழ்பெற்ற வானூர்தி நிறுவனம் அதே எழுத்துக்கூட்டலையே ஏற்றது. பெயரைப் பொறுத்தவரை பிரேக்குத்தான் மூத்தது!

மோட்டார் சைக்கிள்களில்

மோட்டார் சைக்கிள்களில் இம்முறை பரவ வெகுகாலம் ஆயிற்று. 1969இல் வெளிவந்த ஓண்டா சிபி750 முன்சக்கர நீரியல் வட்டு பிரேக்கைப் பரவலாக்கியது. 1970களில் நார்ட்டன், டிரையம்ப் வண்டிகளில் லாக்ஹீட் பெயர் தாங்கிய பிரித்தானியப் பிரேக்குகள் இடம்பெற்றன.

இரப்பர் குழாய் பழையதாகும்போது அழுத்தத்தில் சற்றே விரியும். பிடியை அழுத்தினால் மெத்தென்றிருக்கும். அதனால் பலர் எஃகு இழை பின்னிய குழாய்க்கு மாறுகின்றனர். மாற்றும்போது இணைப்புகளில் புதிய செப்பு வாசர்களை இடவேண்டும். திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஆகவே குழாயில் ஒரு குமிழ் தங்கினாலும் கையழுத்தம் சக்கரத்தை முழுதாக எட்டாது. காற்றை முற்றிலும் வெளியேற்றிய பின்னரே வண்டியை ஓட்டவேண்டும். உயரமான கைப்பிடி பொருத்தியவர்களுக்கு நீண்ட குழாய் தேவைப்படும். கைப்பிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பியும், முன்கவையை முழுதாக நீளவிட்டும், குழாய் இழுபடவில்லை, சக்கரத்தில் உரசவில்லை எனப் பார்த்துக்கொள்வது அவசியம்.